குழந்தையின் சித்திரப் பலகை

சரித்திரம் என்றால் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே என்று பள்ளியில் படிக்கும்போது நமக்குத் தோன்றும். முப்பத்தைந்து ஆண்டுகள் அந்தச் சரித்திரத்தையே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். இன்று பேச எடுத்துக்கொண்டதோ மிகச் சிறிய ஒரு பொருளின் வரலாறு. ஒரு குழந்தை கணிப்பொறியின் முன் அமர்ந்து சித்திரம் வரைய வேண்டுமானால், அந்தத் திரையில் எது எங்கே இருக்க வேண்டும்? காகிதத்துக்கு எவ்வளவு இடம்? வண்ணங்களுக்கு எவ்வளவு? அழிக்கும் ரப்பர் எந்த மூலையில்? இதற்கும் ஒரு வரலாறா என்று நீங்கள் நகைக்கலாம். சென்ற மார்கழி வரையில் நானும் நகைத்திருப்பேன்.

ஓய்வு பெற்ற பிறகு மயிலாப்பூரில், எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் உள்ள ஒரு முன்னறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் சிறு குழந்தைகள் சிலரைக் கூட்டி வைத்துக் கதை சொல்லி வருகிறேன். என்னிடம் படித்து, இப்போது தரமணியில் கணிப்பொறித் தொழில் பார்க்கும் மாணவர் ஒருவர் அங்கு என்னைத் தேடி வந்தார். எழுதப் படிக்கத் தொடங்கும் குழந்தைகளுக்காகத் தமிழில் ஒரு சித்திரச் செயலி அமைக்க எண்ணியிருப்பதாகச் சொன்னார். "திரை எப்படி இருக்கணும்னு நீங்களே ஒரு தாளில் போட்டுக் கொடுங்க, சார்" என்று கேட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்றிரவே கோடு போட்ட தாளில் திட்டம் வரைந்துவிட்டேன். மேலே பன்னிரண்டு உயிரெழுத்துகள். இடப்பக்கம் தூரிகை முதலிய கருவிகள், ஒவ்வொன்றின் கீழும் நல்ல தமிழில் அதன் பெயர். வலப்பக்கம் மாம்பழம், மயில், யானை, தேர் என்று அறுபது படங்கள், தொட்டால் அவை காகிதத்தில் பதிய வேண்டும். அடியில் இருபத்து நான்கு வண்ணங்கள். அதற்கும் அடியில் நாளுக்கு ஒரு நீதிமொழி. ஆசிரியனாக இருந்தவன் சும்மா இருப்பானா?

மூன்று வாரத்தில் மாணவர் அதை அப்படியே செய்து கொண்டுவந்தார். முதல் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தியை முன்னால் உட்கார வைத்தோம். அவள் மௌஸைக் கையில் பிடித்துக்கொண்டு, திரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "தாத்தா, இதுல நான் எங்க வரையறது?" என்று கேட்டாள்.

அவள் போன பிறகு ஸ்கேல் வைத்து அளந்தேன். காகிதத்துக்கு நான் விட்டிருந்த இடம் திரையில் கால் பங்குகூட இல்லை. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவை நீங்கள் பண்டிகைக் காலத்தில் பார்த்திருப்பீர்கள். சரக்கு எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். கால் வைக்கத்தான் இடம் இராது. என் திரையும் அத்தகையதே. அந்தச் சிறுமியின் கேள்விக்கு முன்னோர்கள் என்ன விடை சொல்லியிருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கியதன் பயன்தான் இந்தப் பேச்சு.

முதலில் நம்முடைய சிலேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய மாணவர்களில் பலர் அதைத் தொட்டிருக்க மாட்டீர்கள். கறுத்த கற்பலகை, சுற்றிலும் மரச்சட்டம். சட்டத்தில் ஒரு துளையிட்டு, அதில் நூலைக் கோத்து, நூலின் நுனியில் பலப்பத்தைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அழிப்பதற்குக் கோவை இலை. அது கிடைக்காதபோது எச்சில், அதற்காக முதுகில் ஓர் அடி. ஆனால் கவனியுங்கள்: எழுதும் கருவி சட்டத்தைச் சேர்ந்தது; கறுப்புப் பரப்பு முழுவதும் பிள்ளையைச் சேர்ந்தது. பிள்ளையின் இடத்தில் ஆசிரியருடைய பொருள் எதுவும் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கவில்லை. திரை அமைப்பு என்று இன்று நாம் பெரிதாகப் பேசுவதன் முதற்பாடம் அந்த மரச்சட்டத்திலேயே இருக்கிறது.

இரண்டாவது பாடம் நமக்கு அருகில், அடையாற்றில் இருக்கிறது. ரோம் நகரில் 1907-ஆம் ஆண்டில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிப் புகழ்பெற்ற மரியா மாண்டிசோரி அம்மையார், பிரம்மஞான சங்கத் தலைவர் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939-ஆம் ஆண்டின் இறுதியில் தம் மகன் மாரியோவுடன் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. அடையாற்றுச் சங்க வளாகத்தில் ஏறத்தாழ முந்நூறு பேருக்கு ஆசிரியப் பயிற்சி நடத்தினார். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மகன் ஆங்கிலத்தில் சொல்வார். சில திங்களில் திரும்பிப் போவதாக ஏற்பாடு. ஆனால் 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, மாரியோ பகைநாட்டவர் என்று காவலில் வைக்கப்பட்டார். அம்மையார் வெளியே நடமாடுவதற்கும் தடை வந்தது. அவருடைய எழுபதாம் பிறந்த நாளையொட்டி, அந்த ஆகஸ்டு மாத இறுதியில், மகனை விடுவித்தார்கள். போர் முடிந்த பின் 1946-இல்தான் அவர் ஐரோப்பாவுக்குச் செல்ல முடிந்தது. மீண்டும் வந்து 1949 வரை இந்நாட்டில் பணி புரிந்தார்.

சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் நான் பயிற்சி பெற்றபோது மாண்டிசோரியைப் பற்றிப் பரீட்சைக்கு எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். எழுதியதன் பொருள் இப்போதுதான் விளங்குகிறது. அவருடைய உபகரணங்களில் உலோகச் சட்டங்கள் என்று ஒன்று உண்டு. சதுரம், வட்டம், முக்கோணம், நீள்வட்டம் என்று பத்து உருவங்கள். ஒவ்வொன்றும் 14 சென்டிமீட்டர் சதுரமான சிவப்புச் சட்டத்தில், பிடிப்பதற்குக் குமிழ் வைத்த நீல நிறத் தகடாகப் பதிந்திருக்கும். காகிதமும் அதே 14 சென்டிமீட்டர். குழந்தை சட்டத்தின் உள்விளிம்பை ஒட்டிக் கோடு போடும். பிறகு தகட்டின் வெளிவிளிம்பை ஒட்டி வேறு வண்ணத்தில் கோடு போடும். மூன்றாம் வண்ணத்தால் உள்ளே நிரப்பும். கைக்கு எழுத்துப் பழக்கம் வருவதற்காக அமைத்த பயிற்சி இது.

என் மனத்தைக் கவர்ந்தது உருவங்கள் அல்ல. பத்துச் சட்டங்களும் சாய்வான தாங்கிகளில் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கும். வண்ணப் பென்சில்களும் அலமாரியில் இருக்கும். குழந்தை தன் மேசைக்கு எடுத்துச் செல்வதோ ஒரு சட்டமும், மூன்று பென்சில்களும், ஒரு காகிதமும் மட்டுமே. சிறு தட்டு ஒன்றில் அவற்றை வைத்துக்கொண்டு நடந்து போகும். இருப்பவை எல்லாம் தெரிய வேண்டும். ஆனால் இப்போது வேண்டியவை மாத்திரமே மேசையில் இருக்க வேண்டும். இந்த ஒரு விதியை நான் நினைவில் வைத்திருந்தால், அறுபது படங்களை வலப்பக்கத்தில் அடுக்கியிருக்க மாட்டேன்.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். திரையில் கையால் வரைய முடியும் என்பதை 1963-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் என்பவர், ஒளிப்பேனா கொண்டு, ஸ்கெட்ச்பேட் என்ற செயலியால் காட்டிவிட்டார். அது ஆய்வுக்கூடத்தின் பொருள். வீட்டுக்கு வந்தது 1984-இல், மெக்கின்டாஷ் கணிப்பொறியோடு. அதில் வரைவதற்கு மேக்பெயின்ட் என்னும் செயலியை எழுதியவர் பில் அட்கின்சன். அவர் 2025-இல் மறைந்தார். இடப்பக்கம் கருவிகள், அடியில் நிரப்புக் கோலங்கள், நடுவில் காகிதம் என்ற அமைப்பைப் பலரும் அறியச் செய்தது அதுவே. அதற்குப் பின் வந்த சித்திரச் செயலிகளில் பெரும்பாலானவை அந்த வழியிலேயே நடந்தன.

அது பெரியவர்களுக்கு எளிதாக இருந்தது, குழந்தைக்கு இல்லை. ஆரிகன் பல்கலைக்கழகத்தில் கலை ஆசிரியராக இருந்த கிரெய்க் ஹிக்மன், தம் மூன்று வயது மகன் பென் அந்தச் செயலியில் வரைவதைப் பக்கத்தில் இருந்து கவனித்தார். பையனுக்குச் சுட்டியைப் பிடிப்பது விரைவில் பழகிவிட்டது. ஆனால் தெரியாமல் மேல் விளிம்பைத் தொட்டுவிடுவான். ஒரு பட்டியல் கீழே இறங்கும். அதில் ஏதோ ஒன்றில் கை பட்டுவிடும். புதிய சாளரம் திறந்து படத்தை மறைக்கும். பென் சலித்துப் போனான். தந்தை மகனைக் கடிந்துகொள்ளவில்லை. செயலியைக் குற்றம் சொன்னார். 1989-இல் கிட் பிக்ஸ் என்ற புதிய செயலியை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். 1991-இல் ஒரு நிறுவனம் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. கருவிகள் இடப்பக்கத்தில் எப்போதும் இருக்கும். ஒரு கருவியைத் தொட்டால் அதற்குரிய வகைகள் மட்டும் அடிவரிசையில் வந்து நிற்கும். மேலே இருக்கும் பட்டியலை முற்றிலும் மறைத்துவைக்கவும் ஒரு வசதி உண்டு. செய்ததை மாற்றிப் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு மனித முகம் பொத்தானாக இருக்கும். படம் முழுவதையும் அழிக்க வேண்டுமானால் பட்டாசு! வெடித்து எல்லாம் மறையும். அந்தப் பட்டாசுக்காகவே படம் வரைந்த பிள்ளைகள் பலர் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

லினக்ஸ் என்னும் பொதுவுடைமைக் கணிப்பொறி அமைப்பில் குழந்தைகளுக்கு இவ்வாறு ஒன்று வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டில் பில் கென்ட்ரிக் தொடங்கியது டக்ஸ் பெயின்ட். மூன்று வயது முதல் பன்னிரண்டு வரை உள்ளவர்களுக்கானது, விலை இல்லை, பல நாட்டார் கைகொடுத்து நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளில் பெயர்த்திருக்கிறார்கள். தமிழும் அவற்றுள் ஒன்று. அதன் முதல் அமைப்பை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். திரை 640 படப்புள்ளி அகலமும் 480 உயரமும் கொண்டது. இடப்பக்கம் கருவிகளுக்கு 96, வலப்பக்கம் வகைகளுக்கு 96. அடியில் வண்ண வரிசை. அதற்கும் கீழே ஒரு பென்குவின் பறவை நின்று ஓரிரு சொற்களில் வழி சொல்லும். நடுவில் எஞ்சும் காகிதம் 448-க்கு 376. அதாவது திரையில் நூற்றுக்கு ஏறத்தாழ 55 பங்கு. பொத்தான் ஒவ்வொன்றும் 48 புள்ளி சதுரம். அவ்வளவு பெரிதாக ஏன் என்று கேட்கலாம். தொட வேண்டிய இலக்கு சிறிதாகவும் தொலைவாகவும் இருந்தால் அதை அடைய நேரம் கூடும் என்பதை 1954-இல் பால் ஃபிட்ஸ் என்ற உளவியல் அறிஞர் சூத்திரமாகவே எழுதினார். சிறு குழந்தையின் கை இலக்கைத் தாண்டித் தாண்டிப் போகும் என்பதை அறிய நமக்குச் சூத்திரம் வேண்டாம். பாயசக் கரண்டியைக் கொடுத்துப் பார்த்தாலே போதும்.

இதில் அடையாற்று விதி அப்படியே இருப்பதைக் கண்டீர்களா? தூரிகையைத் தொட்டால் வலப்பக்கத்தில் தூரிகை வகைகள். எழுத்தைத் தொட்டால் எழுத்து வகைகள். வண்ணம் தேவைப்படாத கருவியை எடுத்தால் வண்ண வரிசையும் மங்கி ஒதுங்கிவிடும். தட்டில் ஒரு சட்டம், மூன்று பென்சில். இவர்கள் மாண்டிசோரியைப் படித்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. குழந்தையின் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பவர்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள் என்பதே என் கருத்து. படத்தைச் சேமிக்கும்போது அதற்குப் பெயர் வை, எந்தப் பெட்டியில் வைப்பது என்று தேடு என்றெல்லாம் அது குழந்தையைத் தொந்தரவு செய்வதில்லை. பழைய படங்களைச் சிறு உருவங்களாகக் காட்டி எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. எழுதத் தெரியாத குழந்தையிடம் பெயர் கேட்டு என்ன பயன்?

இதெல்லாம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். 1999-ஆம் ஆண்டில் டெல்லி கல்காஜியில், சுகதா மித்ரா என்னும் அறிஞர் தம் அலுவலக மதிலில் துளையிட்டு, மறுபக்கத்துச் சேரிக் குழந்தைகள் பயன்படுத்தும்படி ஒரு கணிப்பொறியை வைத்தார். யாரும் கற்றுக் கொடுக்காமலே அவர்கள் விரும்பிப் பழகியவற்றுள் பெயின்ட் என்னும் சித்திரச் செயலி ஒன்று. காகிதமும் வண்ணப் பெட்டியும் கைக்கு எட்டாதவர்களுக்கு அந்த வெற்றுத் திரை எவ்வளவு பெரிய செல்வம்!

டக்ஸ் பெயின்டிலும் முத்திரைப் படங்கள் உண்டு. ஆனால் அவை தனித் தொகுப்பு. விரும்பினால் சேர்க்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். அடுத்த ஞாயிறு அதையும் என் அறுபது படங்களையும் வைத்துப் பார்த்தேன். முத்திரை இருந்தபோது குழந்தைகள் யானையின்மேல் யானையாகக் குத்திக்கொண்டே போனார்கள். ஒரு கோடும் போடவில்லை. எல்லாப் படமும் என்னுடைய யானைதான். அவர்களுடைய யானை ஒன்றுகூட இல்லை.

அப்போது ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. நான் இளம் ஆசிரியனாக இருந்த காலம். சித்திர ஆசிரியர் விடுப்பில் இருந்ததால் அந்த வகுப்பு என்னிடம் வந்தது. கரும்பலகையில் ஒரு மாம்பழம் வரைந்து, அதைப் போலவே வரையச் சொன்னேன். எனக்கு வரையத் தெரிந்தது அது ஒன்றே. நாற்பது பேர் மாம்பழம் வரைந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு பையன் தாள் நிறையத் தெப்பக்குளத்தை வரைந்திருந்தான். படிகள், நடு மண்டபம், அதன்மேல் காக்கைகள். படியில் ஒரு கிழவி கால் நனைத்துக்கொண்டிருந்தாள். மாம்பழம் எங்கே என்று கேட்டு, தாளின் குறுக்கே சிவப்பு மையால் கோடு போட்டேன். அவன் அழவில்லை, மறுத்தும் பேசவில்லை. அந்த ஆண்டு முழுவதும் சித்திர வகுப்பில் ஓரத்தில் ஒரு சிறிய மாம்பழம் வரைந்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தான். தாளின் மற்ற இடமெல்லாம் வெறுமையாக இருக்கும். நான் அவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.

துணையே கூடாதா என்றால், கூடாது என்று சொல்ல மாட்டேன். வெறுந்தாள் சில குழந்தைகளை மிரளவைக்கும். ஆனால் துணையிலும் வகை உண்டு. மார்கழி மாதத்தில் வடக்கு மாட வீதியில் கோலப்போட்டி நடக்கும்போது போய்ப் பாருங்கள். தார்ச்சாலையில் ஆளுக்கொரு சதுரம் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். மாக்கிண்ணம் இடக்கையிலோ சதுரத்துக்கு வெளியிலோ இருக்குமே ஒழிய உள்ளே இராது. முதலில் புள்ளி வைப்பார்கள், நேர்ப்புள்ளியோ ஊடுபுள்ளியோ. அதே புள்ளிகளில் ஒருவர் சிக்குக் கோலம் இழுப்பார், இன்னொருவர் தாமரை வரைவார். புள்ளி கைக்கு நிதானம் தருகிறது. ஆனால் முடிந்த படத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவதில்லை. என் மாம்பழம் சொல்லிவிட்டது. அதுதான் வேறுபாடு.

இந்தக் கோலத்தைக் கணிப்பொறி அறிவியலுக்குள் கொண்டுவந்தவர்களும் நம் சென்னைக்காரர்களே. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனும் கோலங்களை ஆராய்ந்து, ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பது போலவே படத்துக்கும் இலக்கணம் எழுதலாம் என்று காட்டினார்கள். கட்டங்களில் குறிகளை அடுக்கிச் சில விதிகளால் கோலத்தை வளர்க்கும் அந்தக் கட்டுரை 1974-இல் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வந்தது. வாசலில் மாவை எடுத்து இழுத்த கை எத்தனை கணக்கை உள்ளடக்கியிருந்தது என்பதை உலகம் அறிந்தது அப்படித்தான். நம் செயலியில் மாம்பழ வரைபடத்துக்குப் பதிலாகப் புள்ளித்தாள் ஒன்றை வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியதும் அதனால்தான்.

இரண்டாவது திட்டம் வரைந்தேன். உயிரெழுத்துகள் போயின. நீதிமொழி போயிற்று, அதை எடுக்கத்தான் மனம் சற்றே வருந்தியது. அறுபது படங்களும் போயின. பொத்தான்களின் பெயர்களில் ஒரு சிக்கல் வந்தது. செய்ததை மாற்றும் பொத்தானுக்கு 'முந்தைய நிலைக்கு மீள்' என்று எழுதியிருந்தேன். இலக்கணம் சரி, பொத்தானில்தான் இடம் இல்லை. கோடு தவறிப்போகும்போது குழந்தைகள் என்ன சொல்கிறார்கள் என்று கவனித்தோம். 'அச்சச்சோ' என்றார்கள். அதையே எழுதிவிட்டோம். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்காகப் பக்கத்தில் வாயைப் பொத்திய ஒரு முகம்.

முதல் நாள் கேள்வி கேட்ட சிறுமியை மறுபடியும் உட்கார வைத்தோம். இந்தத் தடவை அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கோட்டை இழுத்து, அதை வளைத்து, மேலே எதையோ நீட்டினாள். என்ன அது என்று கேட்க வாயெடுத்தேன், பிறகு அடக்கிக்கொண்டேன். கால்மணி நேரம் அவள் திரும்பியே பார்க்கவில்லை.

ஆனால் மாணவர் இதைக் கைப்பலகைக் கணிப்பொறியில், விரலால் வரையும்படி போட்டுக் காட்டியபோது ஒரு புதிய தொல்லை முளைத்தது. சுட்டிக்கு மிகவும் ஏற்றதாக இருந்த அடிவரிசை வண்ணங்கள் விரலுக்கு ஏற்கவில்லை. குழந்தை மேலே விரலை வைத்து வரையும்போது மணிக்கட்டு கீழே படிகிறது. பச்சை மரம் நடுவிலே சிவப்பாகிவிடுகிறது. வண்ணங்களை மேலே கொண்டுபோனால் எடுக்கப் போகும் கை படத்தை மறைக்கிறது. பக்கத்தில் வைத்தால் இடக்கைப் பழக்கமுள்ள பையன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு ஒரு பக்கமும், மற்றவர்களுக்கு மறுபக்கமும் வேண்டியிருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் வரிசை பக்கம் மாறும்படி செய்துவிடலாம் என்கிறார் மாணவர். இன்னொரு பொத்தானா என்று நான் தயங்குகிறேன். வரும் ஞாயிறு பிள்ளைகள் வந்ததும் இரண்டையும் வைத்துப் பார்ப்பதாக இருக்கிறோம்.